உப்புக்குழித் தென்னை

வைகுண்டராஜனுக்கு இரண்டு கண்ணும் நல்ல கண்தான். ஆனால் அவற்றைத் தன் வீட்டைப் பார்க்க அவன் அதிகம் செலவழித்ததில்லை. அடுத்தவன் வீட்டில் புதிதாக என்ன வந்து இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கே பொழுது சரியாகப் போய்விடும்.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயல் முடிந்து மேடு தொடங்குகிற இடத்தில் அவன் வீடு. தேங்காய் வியாபாரம். ஊர் ஊராகப் போய் மரத்தில் நிற்கிற காயை விலை பேசி, ஆளை ஏற்றி வெட்டிப் போட்டு, உரித்துச் சந்தைக்கு அனுப்புகிற வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், மரத்தில் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவான். பிசகாது. அடுத்தவன் வீட்டைப் பார்க்கிற அந்தக் குணமும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து வந்ததுதான் என்பாள் அவன் பெண்டாட்டி பகவதி. "ஊரான் மரத்தப் பாத்தே வயித்த வளத்த மனுசன், பின்ன எப்பிடி இருப்பாரு?"

அவன் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம் முக்கால்வாசியும் வயிற்றெரிச்சலில் நடந்ததுதான். மேலத்தெருக்காரன் ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டான், இவனும் போட்டான். பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றில் மோட்டார் வைத்தான்; இவனும் வைத்தான். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் ஒருத்தன் பளிச்சென்று புதுத் தலைப்பாகை கட்டி வந்து நின்றான். மறுவாரமே இவன் அதைவிட நீளமான துணி வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத்தானே பார்த்துக் கும்பிட வேண்டிய இடம் அது. வைகுண்டராஜன் அந்தக் கண்ணாடியிலும் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் பார்ப்பான்.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். மொத்தமாகக் கொள்முதல் செய்து வைத்திருந்த எரிச்சல் ஒருவன்மேல்தான் இருந்தது. அவன் பெயர் அனில்குமார். பகவதியின் தங்கை சபிதாவைக் கட்டியவன். சகலை. ஷார்ஜாவில் வயரிங் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்து, இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருந்தான். வந்தும் சும்மா இருக்கவில்லை. இங்கேயும் வயரிங் வேலை எடுத்துச் செய்தான். அதுவும் வைகுண்டராஜனுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் சம்பாதித்தவன் என்றால் நாலு நாள் சும்மா இருந்து தொப்பை வைக்க வேண்டாமா? இவன் தொப்பையும் வைக்கவில்லை.

அந்த வீட்டுப் பாலுகாச்சுக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, போன அன்றுதான் கோளாறு தொடங்கியது.

வந்தவர்கள் எல்லாரும் பாயசம் குடித்தார்கள், மாடி ஏறி இறங்கினார்கள். பிறகு பார்த்தால் ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் கூட்டம். என்னவென்று வைகுண்டராஜன் எட்டிப் பார்த்தான். சுவிட்ச். பிளாஸ்டிக் கிடையாது. சுவரோடு சுவராகப் பதித்த எவர்சில்வர் தகடு, முகம் பார்க்கலாம் போல. ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்தார்கள். பகவதியும் ஒரு விரலால் பூப்போல அமுக்கினாள். லைட் எரிந்தது. தகட்டில் விரல் ரேகை பதிந்துவிட்டதைப் பார்த்து, ஐயோ என்று முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

சுவிட்சைக்கூட அவன் பொறுத்திருப்பான். அந்த முந்தானையைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவன் வாங்கிப்போட்ட எந்தப் பொருளையும் அவள் அப்படித் துடைத்தது கிடையாது.

வீட்டுக்கு வந்து தன் சுவரைப் பார்த்தான். மரப்பலகை. அதன்மேல் கறுப்புக் குமிழ்ச் சுவிட்சுகள். ஒன்றுக்கு மூக்கு உடைந்து கிடந்தது. படுக்கிற அறையில் உள்ளதை அமுக்கிவிட்டு, பலகையில் ஒரு தட்டும் தட்ட வேண்டும். அன்றைக்கு அவன் தட்டிய தட்டில் பலகையே ஆடியது.

"சுவிட்சுக்க மேல என்னத்துக்குக் கோவம்?" என்றாள் பகவதி.

"எனக்கு ஒரு கோவமும் இல்லட்டீ. நீ போயி அங்க உள்ளதத் தொடச்சுட்டு வா."

அவளுக்கு விளங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகன் ராஜகுமாருக்குச் சம்பந்தம் ஒத்து வந்தது. பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். பெண் குழித்துறைக்காரி, நந்தனா என்று பெயர். பெண்ணின் அப்பா தங்கப்பன் ஷார்ஜாவில் அனிலோடு ஒரே அறையில் கிடந்தவர். அதாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அனில்தான். அதையும் வைகுண்டராஜன் விழுங்கிக்கொண்டான். பெண் நல்ல பெண். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் வீடு காண வருகிறார்கள் என்று தகவல் வந்தபோது, அவன் கண் நேரே சுவர்ப்பலகைக்குப் போனது. நிச்சயத்துக்கு முன்னால் தங்கள் பெண் வாழப்போகிற வீட்டைப் பெண்வீட்டார் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார்கள். அது இந்தப் பக்கத்து வழக்கம். பிடித்திருந்தால் தேதி குறிப்பார்கள்.

"அவிய நம்ம அனிலுக்க வீட்டுல ஏற்கெனவே ரண்டு மட்டம் சோறு தின்னாச்சு" என்றாள் பகவதி, சாதாரணமாக.

"அப்ப அந்த வீட்டப் பாத்த கண்ணாலதான் நம்ம வீட்டையும் பாப்பாவ?"

"பின்ன, கண்ண மாத்தி வச்சுக்கிட்டா வருவாவ?"

மறுநாளே வைகுண்டராஜன் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினான். அதே தகடு. ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது என்று கடைக்காரனை மூன்று பெட்டி உடைக்க வைத்தான். கட்டி முடிக்கும்போது கடைக்காரன் கேட்டான்: "அண்ணாச்சி, இது உலோகத் தகடாக்கும். ஒவ்வொண்ணுக்கும் எர்த்து குடுக்கணும். வீட்டுல எர்த்து உண்டும்லா?"

"எல்லா எளவும் உண்டும். நீ கட்டு."

பகவதி பொட்டலத்தைப் பார்த்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது அவளுக்கு. "அனிலைக் கூப்பிடட்டா? ஒரு நாளுல மாட்டிப்போட்டுப் போயிரும்."

"அவன் இந்தச் சுவத்துல கைய வச்சா, நான் செத்துத் தூக்குறது வரைக்கும் 'அண்ணாச்சிக்க வீட்டுல லைட்டு நான் போட்டது'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். ஃபீஸ் கட்டைக்குக் கம்பி போடத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?"

"கரண்டாக்கும். தேங்கா இல்ல."

"போட்டீ."

வேலையை அவன் மோசமாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. முதலில் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டான். பலகைகளைக் கழற்றினான். சுவரை உளியால் கொத்தி இரும்புப் பெட்டிகளைப் பதித்து, சிமென்ட் பூசினான். பழைய சுவிட்சில் எந்த வயர் எங்கே இருந்ததோ அதே வரிசையில் புதியதில் முறுக்கினான். தகட்டின் பின்பக்கம் ஒரு தனித் திருகாணி இருந்தது. அதுதான் எர்த்துக்கு. பழைய பலகையில் அதற்கு வயரே கிடையாது. மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் எர்த்து எதற்கு? மோட்டாருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் மெயின் போர்டிலிருந்து ஒரு பச்சை வயர் போய்க்கொண்டிருந்தது. வைகுண்டராஜன் ஒரு சுருள் பச்சை வயர் வாங்கி, ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கோத்து, கடைசியில் அந்தப் பழைய பச்சையோடு சேர்த்துவிட்டான். பார்க்க அழகாகவே இருந்தது. பழைய பலகைகளைப் பகவதி அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள்.

அந்தப் பழைய பச்சை வயர் எங்கே போய் முடிகிறது என்பதுதான் விசயம்.

வீடு கட்டிய காலத்தில் வயர்மேன், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டச் சொன்னான். நடுவில் இரும்புக் குழாயை நாட்டி, சுற்றிலும் கரியும் உப்புமாக அடுக்கு அடுக்காகப் போட்டு மூடினான். வைகுண்டராஜன் பக்கத்தில் நின்று பார்த்தான். மூட்டை உப்பு மண்ணுக்குள் போகிறதைப் பார்க்கத் தேங்காய் வியாபாரிக்குத் தாங்குமா? தென்னம்பிள்ளை வைக்கிற குழியில் ஒரு படி உப்புப் போடவே ஆயிரம் யோசிக்கிற ஊர். இங்கே உப்பும் கிடக்கிறது, துவைகல் தண்ணீரும் வழிந்து வந்து விழுகிறது. வீணாகலாமா? அடுத்த மழைக்கே அந்தக் குழியில் ஒரு செவ்விளநீர்க் கன்றை நட்டுவிட்டான்.

கன்று சும்மா வரவில்லை, வெறியோடு வந்தது. குழாய் அதன் தூருக்கு இடைஞ்சலாக நின்றதால் அதைப் பிடுங்கிப் பாகல் கொடிக்குப் பந்தல்காலாக நட்டான். அனாதையாக நின்ற பச்சை வயரை மரத்தில் சுற்றி, ஒரு ஆணி அடித்து நிறுத்தினான். அதற்கு அவனிடம் நியாயமும் இருந்தது. எர்த்து என்றால் மண். குழாய் போனால் எவ்வளவு தூரம் போய்விடும்? தென்னை வேர் அதைவிடப் பத்து மடங்கு மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் உப்புப் போட்ட மண். குழாயைவிட மரம்தான் நல்ல எர்த்து. இதை இத்தனை வருசமும் ஒருவரும் மறுத்துச் சொன்னதில்லை, அவனும் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மட்டும் பகவதி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வாள். "ஒரு கிச்சுகிச்சு மாதிரி இருக்கு" என்பாள். "தண்ணிக் கையி" என்பான் இவன்.

அந்த மரம்தான் அவன் வாழ்க்கையில் எரிச்சலில்லாமல் வந்த ஒரே பொருள். ரோட்டில் போகிறவன் நின்று பார்ப்பான். குலை குலையாகச் செம்பொன் நிறத்தில் காய். அனில் குடும்பத்தோடு வரும்போதெல்லாம் ஒரு இளநீர் குடிக்காமல் போகமாட்டான். குடித்துவிட்டு அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே வைகுண்டராஜன் வெட்டிக் கொடுப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபீஸ் கட்டையைத் திரும்பப் போட்டான். எல்லா லைட்டும் எரிந்தது. எல்லா ஃபேனும் சுற்றியது. தகடுகள் மின்னின. "ஏட்டி, இஞ்ச வா" என்று கூப்பிட்டான். குரலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு குழைவு. பகவதி மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு விரலை நீட்டிப் பூப்போலத் தகட்டைத் தொட்டாள்.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள்.

"தண்ணிக் கையி..." என்று தொடங்கினான்.

"தண்ணியும் இல்ல, கிண்ணியும் இல்ல! சுள்ளுன்னு தோளு வர ஏறுது! நீங்க தொட்டுப் பாருங்கோ!"

தொட்டான். வாயை இறுக மூடிக்கொண்டான். அடுத்த அறைத் தகட்டைப் புறங்கையால் தொட்டான். அதிலும் அடித்தது. அதற்கடுத்ததிலும். ஒன்று பாக்கியில்லை. ஃபீஸ் கட்டையை மறுபடி பிடுங்கினான்.

பகவதி அடுக்களைக்குள் போய் போனில் பேசியது அவனுக்குக் கேட்டது. "ஏட்டி சபிதா, அனிலை ஒண்ணு வரச் சொல்லு. ஆமா, இப்பவே." தடுக்க வேண்டும் என்று நினைத்தான். அவள் ஒரு கையால் மற்றத் தோளைத் தடவிக்கொண்டு பேசியதைப் பார்த்துவிட்டு, தடுக்கவில்லை.

அனில் செருப்பைப் படியில் கழற்றவில்லை. போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். அதை வைகுண்டராஜன் கவனித்தான். கட்டையை ஒரு நிமிசம் போடச் சொல்லி, டெஸ்டரை ஒவ்வொரு தகட்டிலும் வைத்தான். ஒவ்வொன்றிலும் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. பிறகு கட்டையைப் பிடுங்கச் சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் திறந்தான். படுக்கிற அறைப் பெட்டியில் சிவப்பு வயரின் தோல் தகட்டு விளிம்பில் பட்டு நசுங்கியிருந்தது.

"வேலை நல்ல நீட்டாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்த ஒரு இடத்துல வயரு தகட்டுல ஒட்டுது. ஆனா, எர்த்து இருந்தா இதுக்கு அப்பவே ஃபீஸ் எரிஞ்சிருக்கணும். எரியல்ல. அதுக்குப் பதிலா நீங்க போட்ட பச்ச வயரு, இந்த ஒரு தகட்டுல உள்ள கரண்ட வீட்டுல உள்ள எல்லாத் தகட்டுக்கும் பங்கு வச்சுக் குடுத்திருக்கு. எர்த்துக் குழி எங்க?"

வைகுண்டராஜன் பின்பக்கம் கையைக் காட்டினான். அனில் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போனான். துவைகல்லைத் தாண்டினான். தென்னையின் முன்னால் போய் நின்றான். ஆணியைப் பார்த்தான். துருப்பிடித்த ஆணி. தூரைச் சுற்றி நடந்து குழாயைத் தேடினான். பாகல் பந்தலில் குழாயைக் கண்டான். பிறகு துவைகல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தான், கண்ணில் நீர் வழிகிற வரைக்கும்.

"சிரிச்சுக்கோ" என்றான் வைகுண்டராஜன். "வேரு மண்ணுலதானே நிக்கி?"

"நிக்கி அண்ணாச்சி. ஆனா கரண்டு தேங்கா பறிக்க வரல்லியே, மரத்துல ஏறி எறங்க."

பகவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முந்தானை போகிற இடமெல்லாம் அவனுக்கு எதிராகவே போயிற்று.

அனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வெளையாட்டு இல்ல, கேட்டியளா. அக்கா ஈரத் தரையில நின்னு தொட்டிருந்தா, நாளைக்கு வீடு காண இல்ல, சாவுக்குத் துட்டி கேக்கத்தான் ஆளு வந்திருக்கும். புதுசாக் குழி எடுக்கணும். இஞ்சதான் ஈரம் நிக்கும், மரத்துக்குப் பக்கத்துலேயே எடுப்போம். நாலஞ்சு வேரு வெட்டுப்படும். மரத்துக்கு ஒண்ணும் ஆவாது."

வைகுண்டராஜனின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. வேர் வெட்டுப்படும். ஆகா, அங்கேயா வருகிறாய்! இத்தனை வருசம் அண்ணாந்து பார்த்த பார்வைக்கு அர்த்தம் இப்போதல்லவா தெரிகிறது.

"மரத்துல கைய வைக்காண்டாம்."

"அப்ப பழைய பலகையத் திருப்பி மாட்டுங்கோ."

"அது நேத்தைக்கே வெந்நியாப் போச்சு" என்றாள் பகவதி.

வைகுண்டராஜன் மடியிலிருந்த ஃபீஸ் கட்டையைத் தடவிப் பார்த்தான். தடவத் தடவ ஒரு யோசனை வந்தது. "அவிய பகல்லதானே வாறாவ?"

"ஆமா."

"பகல்ல என்னத்துக்கு லைட்டு?"

பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். "செத்த சுவிட்சக் காட்டியாக்கும் பெண்ணெடுக்கப் போறிய?"

அனில் போகும்போது, கட்டையைப் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் முந்திரிக்கொத்து பொரித்தாள் பகவதி. ராஜகுமார் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கி, ஏன் இருட்டு என்று கேட்டான். "லைனுல கோளாறு" என்றார்கள். அப்பனும் அம்மையும் ஒரே குரலில் பேசியது அவனுக்கு அதிசயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கப்பன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். அனிலும் சபிதாவும் முன்னாலேயே வந்து நின்றார்கள். உள்ளே நுழைந்ததும் பெண்ணின் சித்தப்பா ஒருத்தர், இருக்கிற வேலையை விட்டுவிட்டு நேரே சுவருக்குப் போய் ஃபேன் சுவிட்சை அமுக்கினார். ஃபேன் அசையவில்லை.

"கரண்டு இல்லியா?" என்றார் சித்தப்பா, நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே. அதே நேரம் எதிர்வீட்டு டிவியில் யாரோ உரக்கப் பாடினார்கள். வேனில் வந்த பெண்கள் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். பிறகு வைகுண்டராஜனைப் பார்த்தார்கள். கரண்ட் பில் கட்டாத வீடோ என்கிற பார்வை அது.

"எதிர்வீட்டுக்காரனுக்கு வேற பேஸாக்கும்" என்றான் அனில், சாவகாசமாக. "நம்ம பக்கத்துப் பேஸு ஒண்ணு மட்டும் போச்சு. வந்திரும்."

ஷார்ஜா வயர்மேன் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கப்பன் ஒரு தகட்டின் முன்னால் நின்று குனிந்து பார்த்தார்.

"இது அனிலுக்க வீட்டுல உள்ளது போலத்தான இருக்கு. அனிலு போட்டதாக்கும்?"

அதோ வந்துவிட்டது. வைகுண்டராஜன் தரையைப் பார்த்தான்.

"இல்ல, இல்ல" என்றான் அனில். "அண்ணாச்சி தனியா நின்னு போட்டது. நான் ஒரு ஆணிகூடத் தொடல்ல."

"ஓ! உள்ளதா! கொள்ளாமே!" என்று மெச்சினார் தங்கப்பன். எல்லாரும் வைகுண்டராஜனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் நாகர்கோவிலில் மூன்று பெட்டி உடைக்க வைத்தது. கிடைத்தது. ஆனால் அனிலின் கையிலிருந்து கிடைத்தது. நெல்லிக்காய் என்று வாயில் போட்டது எட்டிக்காயாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அனில் சிரித்துக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட வெறுக்க ஒரு வழி இருந்திருக்கும். அதையும் அடைத்துவிட்டான் படுபாவி.

வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. பகவதிதான் நாற்காலிகளைப் பின்பக்கம் தூக்கிப் போடச் சொன்னாள். தென்னைக்கடியில் வயல்காற்று சிலுசிலுவென்று வந்தது. ராஜகுமார் குலையை இறக்கினான். வைகுண்டராஜன் அரிவாளை எடுத்து ஒவ்வொருத்தருக்கும் சீவிக் கொடுத்தான். தங்கப்பன் ஒன்றைக் குடித்து, வாயைத் துடைத்துவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

"எந்த ஊருலயும் இப்பிடி ஒரு இனிப்பு நான் குடிச்சதில்ல கேட்டியளா. நல்ல காத்தும். எனக்க மோளுக்கு ஃபேனே வேண்டாம், இஞ்ச வந்து இருந்தாப் போரும்." சம்பந்தம் அந்த நிழலிலேயே உறுதியாயிற்று. தேதியைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தவர், மரத்தைத் தட்டிக் கொடுக்கப் போய், ஆணியைப் பார்த்தார். "இது என்ன, மரத்துல வயரு?"

"துணி காயப்போடுகதுக்கு" என்றான் அனில்.

திங்கட்கிழமை அனில் மண்வெட்டி, குழாய், உப்பு, கரியோடு வந்தான். வைகுண்டராஜன் தானே கடப்பாரையை எடுத்துக் குழியை வெட்டினான். மரத்தைவிட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, துவைகல்லுக்கு மறுபக்கம் எடுத்தான். ஒரு வேர் குறுக்கே வந்தபோது அதைச் சுற்றி வெட்டினான். அனில் பார்த்துக்கொண்டிருந்தான், கேலி செய்யவில்லை. குழாயை இறக்கி, பச்சை வயரை ஆணியிலிருந்து கழற்றி, குழாயில் போல்ட் போட்டு முறுக்கினான். நசுங்கின வயரை மாற்றினான். கரண்ட் ஒழுகினால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்துகிற ஒரு டிரிப்பரையும் மெயினில் வைத்தான். எல்லாத் தகட்டிலும் டெஸ்டரை வைத்துக் காட்டினான். டெஸ்டர் எரியவில்லை.

பகவதி ரப்பர் செருப்போடு வந்து, முதலில் புறவிரலால் தொட்டாள். ஒன்றுமில்லை. அமுக்கினாள். லைட் எரிந்தது. தகட்டில் பதிந்த ரேகையை முந்தானையால் துடைத்தாள். துடைத்தது தனக்காகவா அனிலுக்காகவா என்று வைகுண்டராஜனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

"கூலி என்ன?" என்றான், முரட்டுக் குரலில்.

"கூலி என்னத்துக்கு, அண்ணாச்சி." அனில் சாமான்களைப் பையில் போட்டான். பையின் வாயைக் கட்டினான். பிறகு, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்தது மாதிரி, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த மரத்துல ஒரு வித்துத் தேங்கா தாங்கோ. போரும்."

வைகுண்டராஜன் நிமிர்ந்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். ரொம்ப நாள் மனதுக்குள் கிடந்து கிடந்து, வெளியே வரும்போது லேசான பொருளைப் போல வருகிற குரல். அவன் தன் தொண்டையில் பலமுறை கேட்ட குரல். பொறாமையின் வாசம் பொறாமைக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த ஒரு நொடி அவனுக்கு அனிலைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

பிடிக்கவில்லை. உள்ளே போனான். வித்துக்கென்று நெற்றுக் காயாக எடுத்து வைத்திருந்ததில் முதல்தரமான ஒன்று இருந்தது. கையில் எடுத்துக் குலுக்கினான், காதில் வைத்துக் கேட்டான். கீழே வைத்தான். அதற்கு அடுத்ததை எடுத்தான். வாசல்வரை வந்தான். திரும்பிப் போய், முதல் காயை எடுத்து மறுபடி பார்த்தான். கடைசியில் இரண்டாவதையே கொண்டுவந்து கொடுத்தான்.

அனில் வீட்டு முற்றம் முழுக்கக் கல் பதித்தது. மண் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எர்த்துக் குழாய் நிற்கிற மூலை. சில மாசம் கழித்து மழை தொடங்கியதும் வைகுண்டராஜன் ஏதோ வேலையாகப் போவதுபோல அந்தப் பக்கம் போனான். குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, அந்த உப்பு மண்ணில், கன்று நின்றது. ஈரமும் உப்பும் வீணாகக் கூடாது என்று ஷார்ஜா வயர்மேனுக்குத் தோன்றியிருக்கிறது! ஐந்தாம் வகுப்புக்காரனைப் பார்த்து! அன்றைக்கு வைகுண்டராஜன் வீட்டுக்கு வந்து இரண்டு மடங்கு சோறு தின்றான். பகவதி, என்ன விசேசம் என்று கேட்டாள். "மீன்கறி கொள்ளாம்" என்றான்.

அந்தச் சந்தோசம் ஒரு மழைக்காலம் நின்றது. மகன் கல்யாணம் முடிந்து, புதுமணத் தம்பதிக்கு வைத்த விருந்துக்கு அனில் வீட்டுக்குப் போனபோது, கை கழுவுகிற சாக்கில் மூலைக்குப் போனான். கன்று இடுப்புக்கு மேல் வந்திருந்தது. ஓலை ஒவ்வொன்றும் கத்திபோல விரைத்து நின்றது. தான் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நட்ட முதல்தரக் காய், வீட்டுப் பின்பக்கம் இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.

அண்ணாந்து பார்க்கிற உயரம் அதற்கு இல்லை. குனிந்து பார்த்தான். கை காய்ந்து நெடுநேரமாகியும் அங்கேயே நின்று பார்த்தான்.